லிஃப்டுக்கு லீவு

ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில் வேலை பார்க்கும் அவளுக்கு 'வாயாடி' என்று பட்டப்பெயர். துணி துவைக்கும் இயந்திரம் உருளும் சத்தத்துக்கே வார்த்தைகளை அடுக்கி ராப் பாடிவிடுவாள். கம்ப்யூட்டரில் தாளம் போட்டுக் கொடுப்பது அவளுடைய தம்பி.

அங்கே லிஃப்ட் பழுதாகி மாதக்கணக்கில் கிடந்தது. நோயாளிகளை ஸ்ட்ரெச்சரோடு படியில்தான் தூக்கிப்போனார்கள். ஒருநாள் கர்ப்பிணி ஒருத்தியைத் தூக்கிய வார்டு ஊழியர், முதுகு பிடித்துக்கொண்டு படியிலேயே உட்கார்ந்துவிட்டார். அன்றைக்கே பாட்டு பிறந்தது.

"லிஃப்டுக்கு லீவு, முதுகுக்கு ஏது லீவு?
படியேறிப் பாருங்க, புரியும் எங்க நோவு!"

இணையத்தில் ஏற்றியதும் பாட்டு காட்டுத்தீயாய்ப் பரவியது. மேலிடத்து உத்தரவில் சீக்கிரமே காணாமலும் போனது. ஊழியர் விழாவில் பாட அனுமதி கேட்டாள். வரிகளைப் பார்த்து ஒப்புதல் தரும் அதிகாரி இந்த இரண்டையும் அடித்துவிட்டார்.

"பாட்டுல இந்த இடத்துல வாயைத் திறந்தே, வேலை போயிடும்."

வீட்டில் அம்மா அழுதாள். "ஊர் வம்பு நமக்கெதுக்குடி? வாயைத் திறக்காதே."

"சரிம்மா, திறக்கல" என்றாள். சொன்னபடியே நடந்தாள்.

மேடையில் அந்த இடம் வந்ததும் மைக்கைத் தாழ்த்திவிட்டு உதட்டை இறுக்கிக்கொண்டாள். தாளம் மட்டும் ஓடியது. முன்வரிசையில் அதிகாரி நிம்மதியாகச் சாய்ந்தார். அப்போது, முதுகு பிடித்த அந்த ஊழியர் பின்னாலிருந்து எழுந்து, சுருதியும் இல்லாமல் லயமும் இல்லாமல் கத்தினார்: "லிஃப்டுக்கு லீவு!" அடுத்த வரியை நர்ஸுகள் பிடித்துக்கொண்டார்கள். பிறகு சமையல்கூடத்தார். கடைசியில் அரங்கமே பாடியது.

மறுநாள் விசாரணை.

"நீதானே தூண்டிவிட்டே?"

"நான் வாயே திறக்கல சார். நீங்கதான் முன்னாடியே உட்கார்ந்திருந்தீங்களே."

"அப்ப யார் பாடினது?"

சலவைக்கூடத்து மூத்த அக்கா கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தாள். "நான்தான் சார். எனக்குப் பாட வராது, அதுக்கு வேணும்னா கேஸ் போடுங்க." வெளியே கூட்டம் சிரித்தது.

எச்சரித்து விட்டுவிட்டார்கள். பாட்டுக்குத் தடை அப்படியேதான் இருக்கிறது. ஆனால் லிஃப்டைப் பழுது பார்க்க ஆட்கள் வந்தார்கள்.

அவள் வார்டு வார்டாகப் போய் நன்றி சொன்னாள். "நீங்க எழுந்திருக்கலேன்னா என் கதை கந்தல்ண்ணே."

"போம்மா, உனக்காகவா கத்தினேன்? என் முதுகுக்காகக் கத்தினேன்" என்றார் அந்த ஊழியர்.

அதைக் கேட்டபோதுதான் அவளுக்குக் கண் நிறைந்தது.