எண்ணிக்கை அக்காவின் பணிமுட்டு

ஆஸ்பத்திரியில் அவளை எண்ணிக்கை அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். ஆபரேஷன் தியேட்டரின் கருவி அறை பன்னிரண்டு வருடமாக அவள் பொறுப்பில் இருந்தது. கத்தரி, கத்தி, இடுக்கி எல்லாவற்றையும் நீராவியில் சுத்தம் செய்து, தட்டில் அடுக்கி, எண்ணி உள்ளே அனுப்புவாள். வேலை முடிந்ததும் எண்ணி வாங்கிக்கொள்வாள். அந்தப் பழக்கம் வீடு வரைக்கும் வந்துவிட்டது. மாடிப்படி பதினேழு, ஜன்னல் கம்பி ஒன்பது. கணவர் பேசி முடிப்பதற்குள் எத்தனை தடவை ‘அதாவது’ சொன்னார் என்று கேட்டால்கூடச் சரியாகச் சொல்லிவிடுவாள்.

பைபிளையும் அப்படித்தான் வாசித்தாள். சபையில் கொடுத்த அட்டவணைப்படி தினமும் காலையில் இரண்டு அதிகாரம், முடிந்ததும் கட்டத்தில் ஒரு டிக். ஒரு வரியைக்கூடத் தாண்டமாட்டாள். இந்த வாரம் அதுதான் அவளைப் படாதபாடு படுத்தியது. திங்கட்கிழமை தொடங்கி வெறும் பெயர்ப் பட்டியல். இவன் மகன் அவன், அவன் மகன் இன்னொருவன். நாக்கு சுளுக்கிக்கொள்ளும் பெயர்கள்.

அதே திங்கட்கிழமைதான் கத்தரி காணாமல் போனது. தட்டில் பதினொரு கருவி உள்ளே போயின, பத்துதான் திரும்பி வந்தன. அவள் வாசலிலேயே, “ஒண்ணு குறையுது சிஸ்டர்” என்றாள். “அடுத்த கேஸ் காத்திருக்கு, அப்புறம் பாக்கலாம்” என்று ஹெட் சிஸ்டர் கையை வீசிவிட்டுப் போனார். அந்த அப்புறத்துக்குள் அழுக்குத் துணி மூட்டை சலவைக்குப் போய்விட்டது, கத்தரி அதில் போனதா என்று தேட வழியில்லை. நோயாளிக்கு எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தார்கள், வயிற்றுக்குள் ஒன்றும் இல்லை. ஆனால் மேலிடம் விளக்கம் கேட்டது. வியாழக்கிழமை ஹெட் சிஸ்டர் ஒரு டைப் அடித்த தாளை நீட்டினார். ‘கருவிகளை எண்ணியதில் என்னால் தவறு நேர்ந்துவிட்டது’ என்று இருந்தது. நாளைக் காலை எட்டு மணிக்குள் கையெழுத்து வேண்டும். போட்டால் அடுத்த மாதம் ஒப்பந்தம் புதுப்பிப்பார்கள். போடாவிட்டால் வேலை நிலைக்குமா என்பதே சந்தேகம்.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் சமையலறை மேஜையில் பைபிளைத் திறந்தாள். மறுபடியும் பெயர்கள். பக்கத்தில் போன் சிணுங்கியது. நாத்தனார் தினமும் அனுப்பும் வசனப் படம். ரோஜாப்பூவுக்கு நடுவில், பயப்பட வேண்டாம் என்கிற மாதிரி இரண்டு வரி.

“உங்க தங்கச்சிக்கு மட்டும் அளவெடுத்துத் தச்ச மாதிரி வசனம் கிடைக்குது. எனக்கு அஞ்சு நாளா அட்டெண்டன்ஸ் எடுத்துட்டு இருக்காங்க.”

எலக்ட்ரீஷியனான கணவர் டூல்ஸ் பையில் எதையோ தேடிக்கொண்டிருந்தார். “ரெண்டு பக்கம் தள்ளிப் படியேன். அட்டவணை என்ன போலீஸா?”

“தாண்டித் தாண்டி எண்ணினா அது எண்ணிக்கையா?”

“அப்போ அனுபவி.” பிறகு குரலைத் தணித்துக்கொண்டார். “அந்தக் கையெழுத்தைப் போட்டுடும்மா. அதாவது, ஒரு வரிதானே. அதாவது, ரோஷம் பாத்தா நமக்குத்தான் கஷ்டம்.”

“ரெண்டு.”

“என்ன ரெண்டு?”

“அதாவது.”

அவர் தலையில் அடித்துக்கொண்டார். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. ‘ஆண்டவரே, எனக்கு இன்னைக்கு ஒரு வார்த்தை வேணும். நீங்க யாரோட பேரன் பேரையோ சொல்லிட்டு இருக்கீங்க’ என்று மனசுக்குள் சண்டை போட்டபடியே படித்தாள். ஆலய வாசல் காவலர்களின் பெயர்கள் முடிந்தன. அடுத்து, அவர்களில் சிலரிடம் பணிமுட்டுகள் ஒப்படைக்கப்பட்டிருந்ததாக வந்தது.

“பாத்தீங்களா!” என்று மேஜையைத் தட்டினாள். “வேலையில வர்ற முட்டுக்கட்டையைக் கடவுளே சில பேர் தலையில கட்டியிருக்காரு. என்னை மாதிரி ஆளுங்க அப்பவே இருந்திருக்காங்க!”

பல் துலக்கிக்கொண்டிருந்த மகள் வாய் நிறைய நுரையோடு சிரித்தாள். “அய்யோ அம்மா, பணிமுட்டுன்னா முட்டுக்கட்டை இல்ல. வேலைக்கான சாமான். பாத்திரம், கரண்டி, கத்தி அந்த மாதிரி. சண்டே ஸ்கூல்ல டீச்சர் சொன்னாங்க.”

“அப்போ இத்தனை வருஷமா தப்பாவா படிச்சேன்?”

எரிச்சலோடு மறுபடி அதே இடத்துக்கு வந்தாள். ஆலயத்தின் சாமான்களை அந்த ஆட்கள் எண்ணி உள்ளே கொண்டுபோவார்கள், எண்ணி வெளியே கொண்டுவருவார்கள். அவ்வளவுதான் எழுதியிருந்தது. ஆறுதல் இல்லை, வாக்குறுதி இல்லை. எண்ணினார்கள் என்பதை யாரோ மறக்காமல் எழுதி வைத்திருந்தார்கள். அவள் விரல் அந்த வரியிலேயே நின்றது. பயப்படாதே என்று வந்திருந்தால், கையெழுத்தைப் போட்டுவிட்டு மனதைத் தேற்றிக்கொண்டிருக்கலாம். இந்த வரி அதற்கும் வழி விடவில்லையே என்று கோபம்தான் வந்தது.

இன்னும் ஒரு அதிகாரம் பாக்கி. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. டிக் போடாமலே கிளம்பினாள்.

எட்டு மணிக்கு ஹெட் சிஸ்டரின் மேஜையில் அவள் வைத்தது வேறு தாள். பஸ்ஸில் மடியில் வைத்து எழுதியதால் எழுத்து கோணல்மாணலாக இருந்தது. ‘பதினொன்று உள்ளே போனது. பத்து வெளியே வந்தது. குறைகிறது என்று அப்போதே ஹெட் சிஸ்டரிடம் சொன்னேன்.’ அடியில் கையெழுத்து.

“இது என்னம்மா கூத்து? நான் குடுத்த தாள் எங்க?”

“அதுல எண்ணிக்கை தப்பா இருக்கு சிஸ்டர்.”

“ஒப்பந்தம் யார் கையில இருக்குன்னு தெரியும்ல?”

“தெரியும். எண்ணினது நான். தப்பா எண்ணினேன்னு மட்டும் எழுத மாட்டேன்.”

“மேல அனுப்புறேன். அவங்க பாத்துக்கட்டும். போ, முதல் கேஸுக்குத் தட்டு எடு.”

வேலை போகுமா இருக்குமா என்று அவர் சொல்லவில்லை. அவள் கருவிகளை அடுக்கினாள். தியேட்டர் வாசலில் தட்டை வாங்க ஹெட் சிஸ்டரே வந்தார். அவள் ஒவ்வொன்றாகத் தொட்டு, சத்தமாக எண்ணினாள்.

“பதினொண்ணு, சிஸ்டர்.”

“சரி, குடு.”

அவள் தட்டை விடவில்லை. “நீங்களும் சொல்லுங்க.”

உள்ளேயிருந்து டாக்டர், “இன்னும் என்ன அங்க?” என்று கத்தினார். இரண்டு பேர் கைகளும் தட்டிலேயே இருந்தன. ஹெட் சிஸ்டர் அவளை முறைத்தார். அப்புறம் குனிந்து, விரலை நீட்டி, பல்லைக் கடித்துக்கொண்டு எண்ணத் தொடங்கினார்.

“ஒண்ணு. ரெண்டு.”