ஆண்களையும் சோதிக்கிறார்களாம்

கலியாணம் முடித்து ஐந்து வருடமாகியும் எங்களுக்குப் பிள்ளை இல்லை. அதனால் விரதம் இருப்பவள் நான், கோயில் மரத்தில் தொட்டில் கட்டுபவள் நான், கிளிநொச்சி ஆஸ்பத்திரியில் சோதனைக்கு இரத்தம் கொடுப்பவளும் நான். என் கணவர் விசுவமடுவில் உழவு இயந்திரம் ஓட்டுகிறார். அவரையும் சோதிக்க வேண்டும் என்று டொக்டர் சொன்னபோது, "எங்கடை பரம்பரையிலை ஆம்பிளையளுக்கு ஒரு குறையும் இல்லை" என்று மாமி கதையை முடித்துவிட்டா. இவர் வாயே திறக்கவில்லை. எனக்கு மாமியைவிட இவரில்தான் கோபம்.

ஒரு மத்தியானம் அவர் சாப்பிட்டுவிட்டுக் கதிரையில் சாய்ந்திருந்தார். நான் போனில் ஒரு கட்டுரை வாசித்துக்கொண்டிருந்தேன். விண்வெளிக்குப் போனால் பிள்ளைப்பேற்றுக்கு என்ன ஆகும் என்பதுதான் விஷயம். எனக்கோ எதையும் துருவிப் பார்க்கும் விடுப்புக் குணம், விடுவேனா? அங்கேயும் பெண்களுக்கு மாதவிலக்கு வருமாம். பலர் மாத்திரை போட்டு நிறுத்திவைப்பார்களாம். தண்ணீரை அளந்து பாவிக்கும் இடத்தில் நானும் அதைத்தான் செய்வேன். கதிர்வீச்சு சூல்முட்டைகளைக் கெடுக்கக்கூடும் என்று பயப்படுகிறார்கள். அடுத்த பந்தியை வேண்டுமென்றே உரத்து வாசித்தேன். ஆண்களின் விந்தணுவையும் அது பாதிக்கக்கூடுமாம். எடையில்லாத இடத்தில் விந்தணு ஒழுங்காக நீந்துமா என்றும் ஆராய்கிறார்களாம்.

"ஆம்பிளையளையும் சோதிக்கினமோ?" சாய்ந்திருந்தவர் நிமிர்ந்தார்.

"ஓம். ராக்கெட்டிலை போறவையைச் சோதிக்கலாம். உழவு மெசினிலை போறவையைத்தான் சோதிக்க ஏலாது."

எனக்கு வாய் கொஞ்சம் நீளம்தான். ஆனால் அவர் கோபிக்கவில்லை.

"சூடும் கூடாதோ? மெசின் சீற்று நெருப்பாக் கொதிக்கும்" என்றார்.

இந்தக் கேள்வியை எவ்வளவு காலம் உள்ளே வைத்திருந்தாரோ. என் கோபம் பாதி இறங்கிவிட்டது.

"எனக்குத் தெரியாது. சோதிச்சால்தானே தெரியும்" என்றேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை காலை மாமி வழக்கம்போல அர்ச்சனைத் தட்டை என்னிடம் நீட்டினா. அவர் மோட்டார் சைக்கிளை வெளியே உருட்டியபடி, "அவா இண்டைக்குக் கோயிலுக்கு வரேல்லை அம்மா. என்னோடை ஆஸ்பத்திரிக்கு வாறா. சோதனை எனக்கு" என்றார். மாமி தட்டோடு அப்படியே நின்றா. நான் முகத்தைத் திருப்பிச் சிரிப்பை ஒளித்துக்கொண்டு ஏறினேன்.

பரந்தன் சந்தியைத் தாண்டினோம். பிறகு தலையைத் திருப்பாமல் கேட்டார்.

"அந்த ராக்கெட் ஆக்களுக்கு, திரும்பி வந்தாப் பிறகு பிள்ளை பிறந்திருக்கோ?"

"ஓம், பிறந்திருக்கு."

"ஆம்பிளையளுக்கும்?"

"ஆம்பிளையளுக்கும்தான்."

"காத்திலை கேக்கேல்லை. இன்னொருக்காச் சொல்லும்."

கேட்டிருக்கும் என்று எனக்குத் தெரியும். அவர் தோளில் நாடியை வைத்து இன்னொரு தரம் சொன்னேன்.