அகல டயர், ஒல்லி ரிம்

போன ஞாயிற்றுக்கிழமை ஈ.சி.ஆர். ஓரம் ஒரு சவுக்குத் தோப்புக்குள் காரோடு நுழைந்தேன். ஓட்டியது நானல்ல — என் நண்பன் டேவிட்.

டேவிட் புதுப்பட்டினத்துக்காரன், என் ஆபீஸில் வேலை. பழைய சின்னக் கார் ஒன்று வைத்திருக்கிறான். தங்கை ஜெனிபரின் கல்யாணம் நெருங்குகிறதே என்று நாலு சக்கரத்துக்கும் அகலமான டயர் மாட்டினான். டயர் உட்காரும் இரும்பு வளையமான ரிம் மட்டும் பழசு.

"இன்னா அண்ணாத்த, கெத்தா கீது இல்ல?"

கெத்தாகத்தான் இருந்தது.

நெம்மேலியில் அவன் அத்தைக்குப் பத்திரிகை வைத்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தோம். பின்சீட்டில் ஜெனிபரும், டேவிட்டின் மனைவி ஸ்டெல்லா டீச்சரும். வளைவில் ஒரு ஆடு குறுக்கே வந்தது. ஸ்டியரிங்கை ஒடித்தான். கார் உடனே திரும்பவில்லை... ஒரு கணம் கழித்துத் திரும்பி, இரண்டு பக்கமும் ஆடி, மணலில் இறங்கி, மரத்துக்கு ஒரு முழம் முன்னால் நின்றது.

யாருக்கும் அடியில்லை. ஆனால் ஜெனிபர் இறங்கி மணலிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"டயரு பெருசுன்னா ரோட்ட நல்லா புடிக்கணுமே... ஏன் இப்டி ஆடிச்சு?" என்றாள் ஸ்டெல்லா. நியாயமான கேள்விதானே?

ஊர்ந்தபடி வீடு வந்தோம். ஸ்டெல்லா சாக்பீஸால் டயரின் குறுக்கே ஓரத்துக்கு ஓரம் கோடு இழுத்தாள். "கொஞ்சம் உருட்டு" என்றாள். உருட்டினான். கோடு நடுவில் மட்டும் அழிந்திருந்தது; ஓரங்கள் தரையைத் தொடவே இல்லை.

"காத்து ஜாஸ்தியா?" என்றான் டேவிட். பார்த்தோம். சரியாகத்தான் இருந்தது.

மறுநாள் செங்கல்பட்டு டயர் கடையில் விஷயம் விளங்கியது. ஒவ்வொரு டயருக்கும் இந்த அகலத்திலிருந்து இந்த அகலம் வரை ரிம் என்று கணக்கு உண்டாம். குறுகின ரிம்மில் மாட்டினால் டயர் இரண்டு பக்கமும் உப்பி, நடு மட்டும் தரையில் நிற்கும். திருப்பினால் ரிம் ஒரு பக்கம் போகும். ரப்பர் யோசித்துவிட்டுப் பின்னால் வரும். ஒல்லி டயரை அகல ரிம்மில் இழுத்து மாட்டினாலும் வம்புதான் — பள்ளத்தில் ரிம் விளிம்பே அடி வாங்கும். இத்தனை வருஷம் காரில் போகிறேன், இதை யோசித்ததுண்டா?

டேவிட் அங்கேயே பழைய அளவுக்கு மாற்றிவிட்டான். ஆனால் முகம் தெளியவில்லை. "இனிமே ஜெனிபரு வண்டில ஏறுமா அண்ணாத்த?" என்றான்.

வீட்டு வாசலில் கார் நின்றதும் ஜெனிபர் வந்தாள். டயரைப் பார்த்தாள். கதவைத் திறந்து, நான் இறங்கிப் பின்னால் போனதும், முன்சீட்டில் உட்கார்ந்தாள்.

"வண்டிய எடுண்ணா. டெய்லர்கிட்ட பிளவுஸ் வாங்கணும்."

டெய்லர் கடை வரை டேவிட் மூன்றாவது கியரையே தொடவில்லை.