பிரேக் மாஸ்டர் வீட்டு நாற்காலி

எங்கள் பக்கத்து வீட்டுக்காரருக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் வேலை. கற்றுக்கொள்பவர் ஓட்டுவார், இவர் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். இவர் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு. அதை மிதித்து மிதித்து, வீட்டில் மனைவி ஏதாவது கேட்டால்கூட அவர் கால் தானாகத் தரையில் அழுந்தும். தெருவே அவரை 'பிரேக் மாஸ்டர்' என்றுதான் கூப்பிடும். மற்றபடி தங்கமான மனிதர்.

ஒருநாள் செல்போனில் யாரோ பேசியதைக் கேட்டுவிட்டார். வீட்டில் பொருள் குறைந்தால் மனதில் பாரம் குறையுமாம். நல்ல வார்த்தைதான். கடவுளும் நம்மிடம் அதைத்தான் சொல்கிறார். ஆனால் மாஸ்டருக்கு, பொருளே இருக்கக் கூடாது என்று காதில் விழுந்திருக்கிறது. மறுநாளே எல்லாம் வெளியே வந்தன. தூக்கிப் போடவும் மனசு வரவில்லை.

"அக்கா, உங்க வீட்ல கொஞ்ச நாள் வச்சுக்கிறீங்களா?"

எங்கள் வீட்டில் இடம் கிடையாது. இருந்தாலும் வைத்துக்கொண்டோம். இரண்டு நாற்காலி, ஏணி, இஸ்திரிப்பெட்டி, இன்னும் என்னென்னவோ. அவர் வீடு கழுவி விட்டது மாதிரி ஆனது. எங்கள் வீட்டில் பக்கவாட்டில்தான் நடக்க முடிந்தது.

"எப்படி மாஸ்டர், சாமான் இல்லாம?" என்று என் வீட்டுக்காரர் கேட்பார்.

"நிம்மதிண்ணே. ஒண்ணுமே தேவையில்ல. அந்த ஏணிய மட்டும் கொஞ்சம் கொடுங்க, பல்பு போயிடுச்சு."

பாவம், அவர் மனைவிதான். முழங்கால் வலிக்காரி. தரையில் உட்கார்ந்தால் சுவரைப் பிடித்துத்தான் எழ வேண்டும். ஒரே ஒரு நாற்காலி போதும் என்று கெஞ்சிப் பார்த்தாள்.

"ஒண்ண உள்ள விட்டா எல்லாம் வரிசையா வந்துடும்" என்றார் மாஸ்டர். கால் அழுந்தியது.

அதிலிருந்து சாயங்காலமானால் எங்கள் வீட்டுக்கு வந்து, தன் நாற்காலியிலேயே விருந்தாளி மாதிரி உட்கார்ந்திருப்பாள்.

"கால் எப்படிம்மா இருக்கு?"

"உக்காந்திருக்கிற வரைக்கும் நல்லாத்தான் இருக்குக்கா."

அந்தக் காலுக்காக நான் தினமும் வேண்டிக்கொள்வேன். நாற்காலிக்காக வேண்டிக்கொள்ளலாமா என்று தெரியவில்லை.

இதில் வேடிக்கை என்னவென்றால், மத்தியானம் அவள் அசந்து தூங்கும் நேரம் பார்த்து மாஸ்டர் வருவார். "சும்மா பேசிட்டிருக்கலாம்னு" என்பார். பேச்சு ஒன்றும் வராது. இன்னொரு நாற்காலியில் சாய்ந்து, முதுகை நீட்டிக் கண்ணை மூடிக்கொள்வார். போகும்போது, "அவகிட்ட சொல்லிடாதீங்கக்கா."

நான் சொல்லவில்லை.

பிறகு எங்கள் வீட்டுச் சொந்தக்காரருக்கு வீடு தேவைப்பட்டது. காலி செய்கிறோம் என்றதும், எங்கே போகிறீர்கள் என்று மாஸ்டர் கேட்கவில்லை. "அப்ப ஏணி?" என்றார்.

"உங்க சாமானை எல்லாம் உங்க வீட்லயே இறக்கிடட்டுமா தம்பி?"

அவருக்கு ரோஷம் வந்துவிட்டது. "வேணாம்க்கா. விட்டது விட்டதுதான். நீங்களே கொண்டு போங்க."

லாரி வந்தது. சுமை தூக்குகிறவர்கள் முதலில் ஒரு நாற்காலியை ஏற்றினார்கள். இன்னொன்றைத் தெருவில் வைத்துவிட்டு அலமாரிக்குப் போன நேரம், மாஸ்டர் மனைவி நொண்டிக்கொண்டே வந்து அதில் உட்கார்ந்துவிட்டாள்.

"என்னையும் சேர்த்து ஏத்துங்கப்பா."

"எழுந்திருடி. தெருவே பாக்குது."

"பாக்கட்டும். ஊர்ல இருக்கிறவங்களை எல்லாம் சீட்டுல உக்கார வச்சுச் சொல்லிக்கொடுக்குறீங்க. எனக்கு ஒரு சீட்டு கிடையாதா?"

மாஸ்டர் கால் தரையை அழுத்தியது. அவள் அசையவில்லை. அவர் தெருவை ஒருமுறை பார்த்துவிட்டு, "சரி, அது ஒண்ணு மட்டும் இருக்கட்டும்" என்றார். அவள் முகத்தைப் பார்த்து எனக்குக் கண் கலங்கிவிட்டது.

மற்றதெல்லாம் ஏறியது. நாங்களும் ஏறினோம். லாரி நகர்ந்து தெருமுனையை நெருங்கும்போது பின்னால் தடதடவென்று தட்டும் சத்தம். எட்டிப் பார்த்தால் மாஸ்டர், மூச்சிரைக்க ஓடி வருகிறார்.

"நிறுத்துங்க, நிறுத்துங்க! இன்னொரு நாற்காலி இருக்கு!"

டிரைவர் பிரேக் போட்டார்.

மாஸ்டர் அதைத் தலையில் கவிழ்த்துச் சுமந்துகொண்டு திரும்பிப் போனார். தெருவில் உட்கார்ந்திருந்தவள் உரக்கக் கேட்டது எங்கள் வரைக்கும் கேட்டது.

"அது யாருக்காம்?"

"சும்மா... பேசிட்டிருக்கலாம்னு" என்றார் மாஸ்டர்.