செத்துப்போன சந்து

மல்லேஸ்வரத்தில் குடியிருக்கும் சஞ்சய் ஈரோட்டுக்காரன். பெங்களூருக்கு வந்து பல வருடம் ஆகியும் கன்னடத்தில் ஒரு வார்த்தை பேசியதில்லை. "இங்கதான் எல்லாருக்கும் தமிழும் இங்கிலீஷும் தெரியுதே" என்பான்.

அவன் வீட்டுச் சந்து ஒரு மதில்சுவரோடு முடிந்துவிடும். போனில் காட்டும் லொகேஷனை நம்பி வந்த வண்டிகள் எல்லாம் அதற்குள் நுழைந்து மாட்டிக்கொண்டன. பொறுக்க முடியாமல் சஞ்சய், 'டெட் எண்ட்' என்பதைப் போனிலேயே கன்னடமாக்கிப் பலகை எழுதி வைத்தான். மறுநாள் காலை பூக்காரர் ஒருவர் மாலைக் கூடையோடு வந்து, எந்த வீட்டில் சாவு என்று தணிந்த குரலில் விசாரித்தார்.

எதிர்வீட்டு மமதாக்கா பலகையைப் படித்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "ஐயோ சஞ்சய், 'செத்துப்போன கடைசி'ன்னு எழுதியிருக்கேப்பா! 'முந்தெ தாரி இல்லா'ன்னு எழுது. முன்னால வழி இல்லைன்னு அர்த்தம்."

"அட, இதுல பாதி தமிழ்தானேக்கா!" என்றான் சஞ்சய்.

பலகையை மாற்றி எழுதினான். அப்படியும் வண்டிகள் வருவது நிற்கவில்லை. இப்போது அவனே வாசலில் நின்று, "முந்தெ தாரி இல்லா!" என்று உற்சாகமாகக் கூவுகிறான். பதிலுக்கு யாராவது கன்னடத்தில் வழி கேட்டுவிட்டால் மட்டும், "மமதாக்கா!" என்று எதிர்வீட்டுக்கு ஓடுகிறான்.