தானாக ஏறும் சைட்டும் ஆறு வடையும்

தல்லாகுளத்தில் எங்கள் ஆபீஸ் மாடியில், டீக்கடை கீழே.

நாங்கள் செய்யும் வெப்சைட்டை இன்டர்நெட் சர்வரில் ஏற்றத் தொடங்கியதும் எங்களில் யாராவது ஜன்னலில் தலையை நீட்டி, "அண்ணே, ஏத்துறோம்!" என்று கத்துவார். கடைக்கார அண்ணன் உடனே எண்ணெயில் ஆறு வடை போடுவார். ஃபைல்கள் ஒவ்வொன்றாக ஏறி முடிக்க அரை மணி நேரம். அதுவரை நாங்கள் ஆறு பேரும் கடையில்தான்.

இன்று காலை அந்த வேலையை நானே எழுதிய ஒரு கம்ப்யூட்டர் ஸ்கிரிப்ட்டிடம் ஒப்படைத்தேன். சைட்டின் கோடில் யார் எதைத் திருத்திச் சேமித்தாலும் அதுவே சரிபார்த்து, அதுவே ஏற்றிவிடும். இரண்டே நிமிடம்! ஆபீசே கைதட்டியது.

பதினொரு மணிக்கு அண்ணன் மாடியேறி வந்துவிட்டார்.

"என்னப்பா, சத்தத்தையே காணோம்?"

"இனிமே அது தானா ஏறிக்கும்ண்ணே. கத்த வேண்டியதில்ல."

அவர் முகம் சுருங்கிவிட்டது. "அப்ப வடைய நான் எப்பப் போட?"

உடனே ஸ்கிரிப்ட்டில் இன்னொரு வரி சேர்த்தேன்: சைட் ஏறும்போதெல்லாம் அண்ணன் மொபைலுக்கு ஒரு எஸ்எம்எஸ்.

மூன்று மணிக்குள் நான்காவது வடைத் தட்டோடு வந்து நின்றார். முகமெல்லாம் சிரிப்பு. "இன்னைக்கு இம்புட்டு வேலை பாக்குறீகளேப்பா!"

எனக்குச் சந்தேகம் வந்து, என்னதான் ஏறியிருக்கிறது என்று பார்த்தேன். ஒரே ஒரு கமா. யாரோ போட்டிருக்கிறார்கள், எடுத்திருக்கிறார்கள், மறுபடி போட்டு, மறுபடி எடுத்திருக்கிறார்கள்.

எல்லாருக்கும் ஒரே லாகின் என்பதால் ஆள் யாரென்று தெரியவில்லை. கீபோர்டில் சட்னி இருப்பவர் இந்தப் போஸ்ட்டின் கமெண்டில் தானாக முன்வரவும்.