சூளைக்காரர் சம்பளம்

கேட்டரிங் படிக்கிற பிள்ளைகள் என்னைப் பார்த்ததும் முதலில் கேட்பது, "எக்சிகியூடிவ் செஃப் ஆனா எவ்வளவு சார் வரும்?" என்பதுதான். பிரியாணிக்கு எந்த அரிசி போடுவீர்கள் என்று ஒருவரும் கேட்டதில்லை. தப்பில்லை. நானும் சம்பளத்தை விசாரித்துக்கொண்டுதான் இந்தத் தொழிலுக்கு வந்தேன்.

ஆகவே உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். டிரெய்னியாகச் சேரும்போது பாத்திரம் கழுவுகிறவரைவிடக் குறைவாக வாங்குவீர்கள். பிறகு கமி, சிடிபி, சூ செஃப் என்று படிப்படியாக ஏறுவீர்கள். ஒவ்வொரு படியிலும் சம்பளம் கூடும், கையிலிருந்து ஒரு பொருள் போகும். முதலில் கத்தி, பிறகு கரண்டி, பிறகு அடுப்பு. எக்சிகியூடிவ் செஃப் ஆனதும் ஒரு லேப்டாப்பைக் கொடுத்துக் கண்ணாடி அறையில் உட்காரவைத்துவிடுவார்கள். ஆஃபர் லெட்டரில் சம்பளம் பெரிதாகத் தெரியும். டியூட்டியில் நீங்கள் தின்னப்போகும் சோற்றையும் அதில் சேர்த்திருப்பார்கள்.

சென்னையில் அந்தக் கண்ணாடி அறையில் நானும் இருந்தேன். ஐம்பதைத் தாண்டியதும், வயதிலும் சம்பளத்திலும் என்னில் பாதியாக ஒருவரைக் கொண்டுவந்து என் நாற்காலியில் உட்காரவைத்தார்கள். அந்த வயதில் எங்களுக்கு இரண்டே வழி. ஒன்று கேட்டரிங் காலேஜில் வாத்தியார், இன்னொன்று சொந்த ஊர். காலேஜில் காலியிடம் இல்லை. விருத்தாசலத்துக்குப் பஸ் ஏறினேன்.

1. பேட்டி

பைபாஸில் புதிதாக ஓட்டல் கட்டியிருந்தவர் தொழிற்பேட்டையில் செராமிக் யூனிட் நடத்துகிறவர். இன்சுலேட்டர், ஃபியூஸ் கேரியர் எல்லாம் செய்து வெளி மாநிலத்துக்கு அனுப்புகிறார். பேட்டியும் யூனிட் ஆபீஸில்தான். என் மூன்று பக்க பயோடேட்டாவை வாங்கி டீ கிளாஸுக்கு அடியில் வைத்துக்கொண்டார்.

"கரண்டி புடிப்பீங்களா?"

"தேவப்பட்டா புடிப்பேங்க."

"மத்த நேரத்துல?"

"மெனு பிளான் பண்ணுவேன், ஃபுட் காஸ்ட் பாப்பேன், டீமை நடத்துவேன்."

அவர் கொஞ்சம் யோசித்தார். "நம்மகிட்ட எல்லாருக்கும் பீஸ் ரேட்டுங்க, செஞ்ச எண்ணிக்கைக்குக் கூலி. பரோட்டா மாஸ்டருக்கும் அப்படித்தான் பேசியிருக்கேன். யூனிட்ல மாசச் சம்பளம் சூளக்காரரு ஒருத்தருக்குத்தான். அவரு ஒரு பீஸும் செய்யிறதில்ல. ஆனா செஞ்சது பூரா அவரு கையிலதான் இருக்குது. சூள கெட்டுதுன்னா அந்த மாசம் அவருக்குச் சம்பளம் கெடையாது. ஒங்களுக்கும் அதையே வச்சிக்கலாமா?"

தமாஷ் செய்கிறார் என்று நினைத்துச் சிரித்தேன். அவரும் சிரித்தார். சிரித்துக்கொண்டே கை கொடுத்தோம்.

2. குருமா

ஓட்டலோடு சேர்ந்த ஹாலில் ஸ்ரீமுஷ்ணம் பக்கத்துக் குடும்பம் ஒன்றுக்கு நிச்சயதார்த்தம். காலையிலேயே அரைத்த தேங்காயை ஃபிரிட்ஜில் வைக்காமல் அடுப்போரம் வைத்துவிட்டான் உதவி ஆள் முருகன். நான் ஏசி அறையில் அடுத்த மாத மெனுவுக்குப் பெயர் சூட்டிக்கொண்டிருந்தேன். முதல் பந்தியிலேயே பெண்ணின் தாய்மாமன் இலையை மூடிவிட்டு எழுந்தார்.

"ஸ்டார் ஓட்டல் செஃபுன்னு வாசல்ல போர்டு வச்சிருக்கீங்க. குருமா புளிச்ச கள்ளு மாதிரி இருக்குது. இதுக்கு எங்க வூட்லயே ஆக்கியிருப்போமே!"

சென்னையில் பழகிய பழக்கம், உடனே இன்சிடென்ட் ரிப்போர்ட் எழுதினேன். எந்த இடத்தில் தவறு, யாருடைய கவனக்குறைவு, இனி என்ன நடவடிக்கை என்று நல்ல ஆங்கிலத்தில். இப்படி ரிப்போர்ட் எழுதித்தான் அங்கே இரண்டு இன்கிரிமென்ட் வாங்கியிருக்கிறேன். முதலாளி அதைப் படிக்கச் சொல்லிக் கேட்டார்.

"யாரு அரைச்சான்னு நான் கேக்கலீங்களே செஃபு. சூள கெட்டுதா இல்லியா?"

கெட்டதுதான். மாதக் கடைசியில் எல்லோருக்கும் கூலி வந்தது. முருகனுக்கும் வந்தது, தேங்காய் அரைத்த கூலி உட்பட. எனக்கு மட்டும் வரவில்லை.

வீட்டில் என் மனைவி தட்டை வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள். அடுத்த வாரம் பையனுக்குக் காலேஜ் ஃபீஸ்.

"ஏங்க, இப்புடிக் கூட ஒரு வேல இருக்குமா? அந்தச் சூளக்காரரு எப்புடித்தான் குடும்பம் நடத்துறாரு? போயி அவரையே கேட்டுட்டு வாங்க."

குத்தலாகத்தான் சொன்னாள். எனக்கு வேறு யாரையும் கேட்கத் தோன்றவில்லை, போனேன்.

சூளைக்காரர் சகாயராஜ் என்னைவிட இளையவர், கூலிங் கிளாஸ் போட்டுக்கொண்டு பைக்கில் வந்து இறங்கினார். என் கதையைக் கேட்டு ரசித்துச் சிரித்தார்.

"எனக்கும் மூணு தடவ போயிருக்குது சார். ஆனா ஒண்ணு, நான் சொல்லாம சூளக் கதவ மொதலாளியே தொறக்க முடியாது. சூட்டோட தொறந்தா சரக்கு பூரா வெடிச்சிடும். ஒரு தடவ லாரி நிக்குதுன்னு குதிச்சாரு. போயி டீ குடிச்சிட்டு வாங்கன்னுட்டேன்."

"கோச்சிக்கலியா?"

"கோச்சிக்கிட்டாரு. டீயும் குடிச்சிட்டு வந்தாரு."

3. தம்

அடுத்த மாதம் முதலாளியின் இன்சுலேட்டர் டீலர்கள் நான்கு பேர் ஓட்டலுக்கு வந்தார்கள். பெரிய ஆர்டர். மட்டன் பிரியாணி அவர்கள் விருப்பம். தேக்சா மூடியில் மாவு ஒட்டி, மேலே நெருப்பு போட்டுத் தம்மில் வைத்திருந்தேன். குருமாவுக்குப் பிறகு நான் ஏசி அறைப் பக்கமே போவதில்லை. முதலாளி வேர்க்க விறுவிறுக்கக் கிச்சனுக்குள் வந்தார்.

"எறக்குங்க செஃபு. ஜங்ஷன்ல அவங்களுக்கு டிரெயின் இருக்குது."

இந்தக் குரல் எனக்குப் பழக்கம். சென்னையில் ஜெனரல் மேனேஜர் சொல்வார், அவருக்கு மேலே உள்ளவர் சொல்வார், அவருடைய மனைவி போனில் சொல்வார். எல்லோருக்கும் "யெஸ் சார்", "யெஸ் மேடம்" என்று வெந்தும் வேகாததை அனுப்பியிருக்கிறேன். என் கேரியரே அதுதான். இன்று திறந்தால் அரிசி நடுவில் முள்ளாக நிற்கும், இந்த மாதச் சம்பளமும் போகும். திறக்காவிட்டால் வேலையே போகலாம். போனால் எனக்கு வேறு ஊர் கிடையாது.

"இன்னும் தம் ஆவலீங்க. நான் சொல்லாம மூடியத் தொறக்கக் கூடாது. சூளக்காரரு சம்பளம் குடுக்குறீங்க இல்ல? போயி டீ குடிச்சிட்டு வாங்க."

பரோட்டா மாஸ்டர் மாவு அடிப்பதை நிறுத்திவிட்டார். முதலாளி என்னைப் பார்த்தார், தேக்சாவைப் பார்த்தார். பிறகு வெளியே போனார்.

டீலர்கள் சாப்பிட்டார்கள். கேட்டு வாங்கி, எலும்பை உறிஞ்சி, நிதானமாகச் சாப்பிட்டார்கள். அந்த நிதானத்தில் ரயில் போய்விட்டது. முதலாளி வாடகைக் கார் பிடித்து அவர்களைச் சென்னைக்கு அனுப்பினார். மாதக் கடைசி வரை எனக்குத் தூக்கம் சரியில்லை.

கவரைப் பிரித்தேன். முழுச் சம்பளம் போட்டு, அதில் கார் வாடகையைப் பிடித்திருந்தார். கேட்கப் போனேன்.

"சூள கெடல, சம்பளம் போட்டிருக்கேன். டிரெயினு போனது ஒங்க பேச்சால. அதுக்கு நானா குடுப்பேன்?"

வாங்கிக்கொண்டு வந்தேன். சந்தோஷமாக இருந்தது, உண்மையாகவே. இத்தனை வருடத் தொழிலில் நான் சொன்ன ஒரு "முடியாது"க்கு விலை போட்டவர் அவர் ஒருவர்தான். மற்ற இடங்களில் அதைச் சொல்லவே எனக்கு வாய் வந்ததில்லை.

இப்போதும் அங்கேதான் வேலை. சென்னையில் கடைசியாக வாங்கிய சம்பளத்தை இன்னும் எட்டவில்லை. பிள்ளைகளே, சம்பளம் எவ்வளவு என்று கேளுங்கள், தப்பில்லை. கூடவே, அடுப்பில் இருப்பதை இறக்கச் சொல்ல அந்த ஓட்டலில் எத்தனை பேருக்கு உரிமை என்றும் கேளுங்கள். ஒருவருக்கு மேல் என்றால் சம்பளத்தைக் கொஞ்சம் கூட்டியே கேளுங்கள்.